கொள்ளையும் பொருளும்: டயாப்லோ வழி ஆட்டங்களின் ஈர்ப்பும் சலிப்பும்

ஆங்கிலத்தில் 'லூட்' என வழங்கும் சொல் ஆங்கிலத்திலேயே பிறந்த சொல்லன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில், இந்தி மொழியிலிருந்து பிற செல்வங்களோடு சேர்ந்து கப்பலேறிய சொல் அது. கொள்ளையைக் குறிக்கும் சொல்லே கொள்ளைபோன சொல்லாக இருப்பது மொழிவரலாற்றின் குறும்புகளுள் ஒன்று. இன்று நம் உயர்நிலைப் பள்ளி மாணவர் இருவர் பேருந்தில் அமர்ந்து 'லூட் சரியில்லை' என்று குறைபட்டுக்கொள்வாராயின், அவர்கள் கள்வரைப் பற்றிப் பேசவில்லை; கணினியாட்டம் ஒன்றில், தாம் வீழ்த்திய அரக்கனின் உடலிலிருந்து உதிர்ந்த வாளையும் கவசத்தையும் பற்றிப் பேசுகின்றனர். அவ்வகை ஆட்டங்கள் எவ்வாறு அமைந்துள்ளன, அவை ஏன் ஈர்க்கின்றன, அவற்றை மிக விரும்புவோரே ஏன் அவற்றின்மீது மிகுந்த கசப்பும் கொள்கின்றனர் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மொழியியலில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இங்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இவ்வாட்டங்களின் உள்ளே இயங்குவது ஓர் இலக்கணம். ஆதலின் எனக்கும் சிறிது வேலை உண்டு.

'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்த நம் 'கொள்ளை' என்னும் சொல்லுக்குச் சூறையாடுதல் என்பது ஒரு பொருள். மிகுதி என்பது மற்றொரு பொருள். 'கொள்ளை அழகு', 'கொள்ளை இன்பம்' என்கிறோம். மூன்றாவது, அண்மை ஆண்டுகளில் நாம் அனைவரும் நன்கறிந்துகொண்ட கொள்ளைநோய். இவ்வாட்டங்களில் ஆழ்ந்தோர் இம்மூன்றையும் பெரும்பாலும் இதே வரிசையில் அனுபவிக்கின்றனர் என்பது என் எண்ணம்.

ஆட்டத்தைக் கண்டிராத ஆசிரியர்களுக்காக அதன் தோற்றத்தைச் சுருங்கச் சொல்கிறேன். திரையில், சற்று உயரத்திலிருந்து சாய்வாகக் காணும் கோணத்தில், ஒரு வீரனோ மந்திரக்காரியோ நிற்பார். சுட்டெலியால் ஓரிடத்தைச் சொடுக்கினால் அங்கு நடப்பார். பகைவனைச் சொடுக்கினால் தாக்குவார். பகைவர் நூற்றுக்கணக்கில் வருவர், மடிவர். மடியும்போது சிலர் எதையும் விட்டுச்செல்லார். சிலர் பொற்காசு விடுவர். எப்போதேனும் ஒருவன் விலைமதிப்பற்ற ஒன்றை விடுவான். அதனை எடுத்து அணிந்தால் வீரனின் வலிமை கூடும். வலிமை கூடினால் இன்னும் கொடிய பகைவரை எதிர்க்கலாம். அவர்களிடமிருந்து இன்னும் சிறந்தவை உதிரும். இச்சுழற்சியே ஆட்டம். கதை என ஒன்று உண்டு. நரகத்தின் தலைவர்களை ஒடுக்கும் கதை. முதல்முறை ஆடும்போது அதனைக் கேட்பர். ஐந்தாம் முறை ஆடுபவர் எவரும் கேட்பதில்லை.

இவ்வகைக்கு இலக்கணம் வகுத்த ஆட்டம் 'டயாப்லோ'. எசுபானிய மொழியில் சாத்தான் என்று பொருள்படும் இப்பெயரை, கலிபோர்னியாவில் தாம் வளர்ந்த ஊருக்கு அருகிலிருந்த டயாப்லோ மலையிலிருந்து டேவிட் பிரேவிக் எடுத்துக்கொண்டார். அவரும் தோழரும் நடத்திய நிறுவனம் பின்னர்ப் பிளிசார்ட் நார்த் எனப் பெயர்பெற்றது. ஆட்டம் 1996ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதற்கும் முன்னோடிகள் உண்டு. 1980இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் உருவாக்கிய 'ரோக்' என்னும் ஆட்டத்தில் படங்களே இல்லை. எழுத்துக்குறிகளே சுவரும் கதவும் அரக்கருமாகத் திரையில் நின்றன. ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாக அமையும். அங்கே கிடப்பவையும் மாறும். அதன் வழிவந்த 'மோரியா', 'அங்பாண்ட்' ஆகிய ஆட்டங்களில் ஊறியவர் பிரேவிக். 'டயாப்லோ'வும் முதலில் சதுரங்கம் போல முறைவைத்து ஆடும் ஆட்டமாகவே திட்டமிடப்பட்டது. உருவாக்கத்தின் நடுவில் அது உடனுக்குடன் இயங்கும் ஆட்டமாக மாற்றப்பட்டது. சிந்தித்துச் செய்யும் செயலுக்கும் அதன் பயனுக்கும் இடையிலிருந்த காலம் ஒரு சொடுக்கின் அளவுக்குச் சுருங்கிற்று. பின்னர் நிகழ்ந்த நன்மையும் தீமையும் பெரும்பாலும் இச்சுருக்கத்தில் தொடங்குகின்றன.

இனி இலக்கணத்திற்கு வருவோம். 'டயாப்லோ'வில் மந்திர ஆற்றல் பெற்ற வாள் ஒன்று உதிருமாயின், அவ்வாளைச் செய்தவர் எவருமிலர். கணினி அந்த நொடியில் அதனைத் தொகுக்கிறது. முதலில் ஓர் அடிப்படைப் பொருளைத் தேர்கிறது: வாள், கோடரி, மோதிரம், தலைக்கவசம். பின்னர் அதற்கு ஒரு முன்னொட்டையோ பின்னொட்டையோ இரண்டையுமோ சேர்க்கிறது. முன்னொட்டு, பின்னொட்டு, இரண்டிற்கும் பொதுவான ஒட்டு என்னும் சொற்கள் என் உவமையல்ல. ஆட்டத்தை ஆக்கியோரும் ஆடுவோரும் மொழியியலின் இக்கலைச்சொற்களையே வழங்குகின்றனர். ஒவ்வோர் ஒட்டுக்கும் ஒரு பயனுண்டு. 2000ஆம் ஆண்டில் வந்த 'டயாப்லோ 2' ஆட்டத்தில், வீரனின் உயிராற்றலைச் சிறிதளவு கூட்டும் பின்னொட்டு 'குள்ளநரியினது' என்பது. அதனினும் மிகுதியாகக் கூட்டுவது 'நரியினது'. அதன்மேல் ஓநாய், புலி, மாமதயானை என ஏறி, உச்சியில் திமிங்கிலம். தாக்குவலியைக் கூட்டும் முன்னொட்டுகளின் வரிசையில் மிக உயர்ந்த இடம் 'கொடிய' என்பதற்கு. ஆகவே 'திமிங்கிலத்தினது கொடிய வாள்' என்னும் பெயரைக் கண்டதும், எண்களைப் பாராமலேயே பழகிய ஆட்டக்காரர் அதன் தகுதியை அறிவார். பெயரே வரையறை.

முன்னொட்டு முப்பது, பின்னொட்டு முப்பது, அடிப்படைப் பொருள் நூறு என ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், 160 உறுப்புகளிலிருந்து 90,000 பொருள்கள் பிறக்கும். ஒவ்வோர் ஒட்டின் எண்மதிப்பும் ஓர் எல்லைக்குள் மாறுமாதலின் உண்மைத்தொகை இதனினும் பன்மடங்கு. வரம்புள்ள உறுப்புகளிலிருந்து வரம்பிறந்த வடிவங்களை ஆக்குவது மொழியின் இயல்பு என்று மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தவன் நான். கரும்பலகையில் அதனை விளக்கப் பட்ட பாட்டை நினைக்கும்போது, என் பெயரன் இவ்வாட்டத்தை ஆடுவதை அருகமர்ந்து பார்த்த அரைமணி நேரம் பொறாமையூட்டியது. ஒட்டு என்றால் என்ன என்று அவனுக்கு எவரும் சொல்லித்தரவில்லை. அவன் பெயரைப் பிரித்துப் பார்த்துப் பொருளுணர்கிறான். பகுபதம் பிரிக்கும் மாணவன் செய்வதும் அதுதான்.

'டயாப்லோ 2' ஆட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. நீல நிறத்தில் பெயர் தோன்றும் மந்திரப் பொருளுக்கு ஒரு முன்னொட்டும் ஒரு பின்னொட்டுமே எல்லை. மஞ்சள் நிறத்தில் பெயர் தோன்றும் அரிய பொருளோ ஆறு ஒட்டுகள் வரை ஏற்கும். ஆறையும் பெயரில் அடுக்கினால் பெயர் ஒரு தொடராக நீண்டுவிடும். அதனால் அரிய பொருளுக்கு, இரண்டு சொற்பட்டியல்களிலிருந்து எழுந்தபடி எடுத்து இணைத்த ஒரு பெயர் சூட்டப்படுகிறது: 'அண்டங்காக்கைச் சுருள்' என்றாற்போல. அப்பெயருக்கும் அதன் பண்புக்கும் தொடர்பில்லை. நம் இலக்கண மரபில் சொல்வதாயின், நீலப்பொருள் காரணப்பெயர் உடையது. மஞ்சட்பொருள் இடுகுறிப்பெயர் உடையது. காரணப்பெயரைக் கேட்டு அறியலாம். இடுகுறிப்பெயரைக் கொண்ட பொருளைக் கையிலெடுத்துப் பார்த்தே அறியவேண்டும். இங்ஙனம் எடுத்துப் பார்க்கும் அந்த நொடியே ஆட்டத்தின் இனிய நொடி.

தமிழில் இவ்வாட்டங்களை எவரேனும் மொழிபெயர்க்க முன்வந்தால் ஒரு சிக்கலைச் சந்திப்பர். ஆங்கிலத்தில் முன்னொட்டு வாளுக்கு முன்னும் பின்னொட்டு வாளுக்குப் பின்னும் நிற்கின்றன, பெயர் நடுவில். தமிழிலோ அடைகள் யாவும் பெயருக்கு முன்னரே வரவேண்டும். பெயரடை பெயரின் பாலுக்கேற்ப மாறும் பிரெஞ்சு, எசுபானியம், ஜெர்மன் ஆகிய மொழிகளில் தொல்லை வேறு. வாள் ஆண்பாலா, பெண்பாலா என்று கணினிக்கு முன்கூட்டியே குறித்துக்கொடுத்தாலன்றிப் பெயர் வழுப்படும். தமிழில் இத்தொல்லை இல்லை. 'கொடிய' என்பது வாளுக்கும் அரசிக்கும் ஒன்றே. ஆர்வமுள்ள மாணவர் எவரேனும் இதனைத் தம் செய்முறைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை கூறியது ஈர்ப்பின் ஒரு பாதி. மறுபாதியைக் கூற 1957ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டும். அவ்வாண்டில் நோம் சாம்ஸ்கியின் 'தொடரமைப்புகள்' பற்றிய சிறுநூல் வெளிவந்து மொழியியலின் திசையை மாற்றியது. அதே ஆண்டில் உளவியலார் பி. எஃப். ஸ்கின்னரின் நூல்கள் இரண்டு வந்தன. ஒன்று மொழிநடத்தை பற்றியது; அதனைச் சாம்ஸ்கி 1959இல் கடுமையாக மறுத்தெழுதினார் என்பதை மொழியியல் மாணவர் அறிவர். சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் இணைந்தெழுதிய மற்றொன்று, பரிசு வழங்கும் முறைகள் விலங்கின் நடத்தையை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பது பற்றியது. கூண்டிலுள்ள புறா ஒரு வில்லையைக் கொத்துகிறது. ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கிடைத்தால், தானியம் நின்றதும் அது விரைவில் ஓய்ந்துவிடும். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் வரும் என்று அறியமுடியாதபடி சராசரியை மட்டும் நிலைப்படுத்தினால், புறா விரைந்தும் விடாமலும் கொத்திக்கொண்டேயிருக்கும். சூதாட்டப் பொறிகள் இம்முறையிலேயே இயங்குகின்றன. அரக்கனிடமிருந்து பொருள் உதிர்வதும் இம்முறையிலேயே.

ஆகவே ஒரே ஆண்டில் பிறந்து ஒன்றையொன்று மறுத்த இரு கொள்கைகள் இவ்வாட்டத்தில் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. உதிரும் பொருளை ஆக்குவது சாம்ஸ்கி கண்ட ஆக்கமுறை. அதனை எப்போது உதிர்ப்பது என்று தீர்மானிப்பது ஸ்கின்னர் கண்ட கால ஒழுங்கு. முதலாவது அறிவை அழைக்கிறது. இரண்டாவது கையை அழைக்கிறது. இரண்டும் இசைந்திருக்கும் வரை ஆட்டம் இனிக்கிறது. அறிவுக்கு வேலை தீர்ந்த பின்னும் கை நில்லாதபோது கசப்புத் தொடங்குகிறது.

இதனை ஆட்டக்காரர் அறியாமல் இல்லை. தாம் செய்வதை அவர்கள் ஆங்கிலத்தில் 'கிரைண்ட்' என்கின்றனர், அரைத்தல். அரைத்த மாவையே அரைப்பது என்று நாம் வழங்குவதை அவர்களும் தம் வழியில் கண்டடைந்துள்ளனர். 'டயாப்லோ 2' ஆட்டத்தில் மெஃபிஸ்டோ என்னும் நரகத்தலைவனைக் கொன்று, ஆட்டத்தைவிட்டு வெளியேறி, மீண்டும் நுழைந்து, அவனையே மீண்டும் கொல்வர். ஓரிரு நிமிடத்திற்கு ஒருமுறை, ஒரே இரவில் பல பத்து முறை. கதையில் அவன் அழிந்தால் உலகம் உய்யும். ஆட்டத்தில் அவன் அழிந்தால் ஒரு தொப்பி கிடைக்கலாம்.

நிகழ்தகவு பற்றிய ஒரு மயக்கமும் இங்குத் துன்பத்தைப் பெருக்குகிறது. கணித ஆசிரியர்கள் இதனை வகுப்பில் பயன்படுத்தலாம். ஆயிரத்தில் ஒருமுறை உதிரும் பொருளை அடைய ஆயிரம் முறை முயன்றால் போதும் என்று பலரும் நம்புகின்றனர். கணக்குப்படி, ஆயிரம் முயற்சிக்குள் ஒருமுறையேனும் அது கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 63 விழுக்காடுதான். நூற்றுக்கு 37 பேர் வெறுங்கையராகவே நிற்பர். ஆயிரத்தோராவது முயற்சிக்கும் வாய்ப்பு முதல் முயற்சிக்கு இருந்ததேதான். பட்ட துன்பத்தைக் கணினி நினைவில் வைப்பதில்லை. தவத்திற்கு வரம் உண்டு என்று கேட்டு வளர்ந்த மனத்திற்கு இது ஏற்கக் கடினமானது.

ஆட்டம் தன் ஈர்ப்பைத் தானே குலைத்துக்கொண்டதற்கு 'டயாப்லோ 3' தக்க சான்று. 2012ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வெளிவந்த அது முதல் 24 மணி நேரத்தில் 35 இலட்சத்திற்கு மேற்பட்ட படிகள் விற்றது. தனியே ஆடுவோரும் இணையத்தில் இணைந்தே ஆடவேண்டும் என்றிருந்தமையால், முதல்நாளில் பலர் 'பிழை 37' என்னும் அறிவிப்பையே ஆடிக்கொண்டிருந்தனர். அது தீர்ந்துவிடும் குறை. தீராக் குறையாக அமைந்தது ஏலச்சந்தை. உதிர்ந்த பொருள்களை ஆட்டத்தின் பொன்னுக்கும், அடுத்த மாதம் முதல் உண்மைப் பணத்திற்கும் விற்கவும் வாங்கவும் நிறுவனமே ஒரு சந்தையைத் திறந்தது. ஒரு வாளை அதிக அளவாக 250 அமெரிக்க வெள்ளிக்கு விற்கலாம். விற்பனைக்கு ஒரு வெள்ளி நிறுவனத்திற்கு. கள்ளச்சந்தையில் ஏமாறுவோரைக் காப்பதே இதன் நோக்கம் என்றனர். அந்த நோக்கத்தில் உண்மையில்லை என்று கூறமாட்டேன். 'டயாப்லோ 2' காலத்தில் திருட்டும் போலிப் படிகளும் மலிந்திருந்தன.

ஆயினும் விளைவு வேறாயிற்று. உலகெங்கும் இலட்சக்கணக்கானோரிடம் உதிர்ந்தவற்றுள் சிறந்தவை ஒரே சந்தையில் குவிந்தபோது, தன் அரக்கனிடமிருந்து உதிர்வதைவிடச் சந்தையில் கிடைப்பதே எப்போதும் மேலானதாயிற்று. நூறு மணி நேரம் வேட்டையாடியவனைவிடப் பத்து நிமிடம் சந்தையில் நின்றவன் வலிமை பெற்றான். வேட்டை கூலிவேலையாயிற்று. ஆட்டத்தின் இயக்குநராக இருந்த ஜெய் வில்சன் 2013ஆம் ஆண்டு ஒரு மாநாட்டில், ஏலச்சந்தை ஆட்டத்திற்கு ஊறு செய்தது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 2014 மார்ச் 18ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. வருவாய் தந்த ஒன்றை நிறுவனமே மூடியது இத்துறையில் அரிய நிகழ்ச்சி, அதற்காகப் பாராட்டலாம்.

மூடியதோடு, உதிர்வுமுறையும் திருத்தப்பட்டது. அதுவரை அம்பெய்யும் வேட்டுவச்சிக்கு மந்திரக்கோலும் மந்திரக்காரனுக்குக் காட்டுமிராண்டியின் கோடரியும் உதிர்ந்தன. இனி அவரவர்க்கு ஏற்றவை மிகுதியாக உதிரும் என்றாயிற்று. மகிழ்ச்சி மீண்டது. எனினும் அடுத்த சில ஆண்டுகளில் வேறொரு நோய் கண்டது. ஒரே தொகுதியைச் சேர்ந்த கவசங்களை முழுதும் அணிந்தால் தாக்குவலி ஆயிரக்கணக்கான விழுக்காடு உயரும் என்று வைத்தபின், எல்லாரும் அத்தொகுதிகளையே அணிந்தனர். திரையில் எண்கள் கோடிகளாகப் பறந்தன. எண் பெருகியது, ஆடும் முறையில் தெரிவு குறைந்தது.

சொல்லிலக்கணத்தின் சொற்களில் கூறினால் இக்குறை தெளிவாக விளங்கும். இலக்கணப்படி வழுவின்றி அமைந்தும் எப்பொருளையும் தராத தொடர் ஒன்றைச் சாம்ஸ்கி எடுத்துக்காட்டாகப் படைத்தார். இவ்வாட்டங்களில் உதிர்பவற்றுள் பெரும்பாலானவை அத்தகைய தொடர்களே. ஒட்டுகள் முறைப்படி ஒட்டியிருக்கும், எவருக்கும் பயன்படாது. 2023இல் வந்த 'டயாப்லோ 4' ஆட்டத்தில் இது புதிய உருவெடுத்தது. 'மந்தமுற்ற பகைவர்மீது', 'அருகிலிருக்கும் பகைவர்மீது', 'தொலைவிலிருக்கும் பகைவர்மீது', 'காயமுற்ற பகைவர்மீது' எனத் தாக்குவலி இத்தனை விழுக்காடு கூடும் என நிபந்தனை ஒட்டுகள் பெருகின. ஒவ்வொரு மோதிரமும் ஒரு வாடகை ஒப்பந்தத்தைப்போல் படிக்கவேண்டியதாயிற்று. படித்து முடித்தபின் வேறுபாடு சில விழுக்காடுதான். ஆட்டக்காரர் பொறுமையிழந்தனர். 2024 மே மாதத்தில் நிறுவனம் ஒட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நிபந்தனைகளையும் களைந்தது. சொற்சுருக்கம் நல்லது என்பதை அவர்கள் நன்னூல் படிக்காமலேயே கற்றுக்கொண்டனர்.

நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட 'பாத் ஆஃப் எக்ஸைல்' வேறு வழியை நாடியது. நிறுவனத்தின் பெயரிலேயே அரைத்தல் உள்ளது, ஒளிவு மறைவில்லை. அவ்வாட்டத்தில் ஆட்டக்காரர் தமக்குள் கொடுக்கல் வாங்கல் செய்யப் பொற்காசு வைக்கப்படவில்லை, உருண்டைகளே பணம். ஓர் உருண்டை அரிய பொருளின் ஒட்டுகள் அனைத்தையும் அழித்துப் புதியவற்றை எழுதும். மற்றொன்று இருப்பவற்றோடு ஓர் ஒட்டைக் கூட்டும். பணத்தைச் செலவிடுவது என்பது ஒரு சொல்லைத் திருத்தி எழுதுவது. பணத்திற்கே பயன்மதிப்பு இருப்பதால் அது மதிப்பிழந்து போவதில்லை. 'டயாப்லோ 2' ஆட்டத்தில் பொன் பயனற்றுப்போய், 'ஜோர்டானின் கல்' என்னும் மோதிரம் பண்டமாற்றில் பணமாகப் புழங்கிய வரலாற்றை இவர்கள் நன்கு கற்றிருந்தனர் எனலாம்.

ஆனால் அங்கும் கொள்ளை மிகுதியாகிவிட்டது. தரையெங்கும் பெயர்கள் சிதறித் திரையே மறையுமளவு பொருள் உதிர்கிறது. அதனால் ஆட்டக்காரர் வடிகட்டி எழுதுகின்றனர். 'இதனைக் காட்டு', 'இதனை மறை' எனக் கட்டளைகளை வரிவரியாக எழுதிய கோப்பு அது. சில ஆயிரம் வரிகள் நீள்வதும் உண்டு. ஒருபுறம் கணினி சொற்களைக் கொட்டுகிறது. மறுபுறம் அவற்றுள் பெரும்பகுதியைக் காணாதிருக்க மனிதர் இன்னொரு நிரலை எழுதுகின்றனர். பொருள் தேடும் ஆட்டத்தில் பொருளை மறைப்பதே முதல் திறனாகிவிட்ட இந்நிலையைக் காட்டிலும் மிகுதியின் நோயை விளக்கும் சான்று எனக்குத் தெரியவில்லை.

பங்கிடுதலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தொல்காப்பியப் புறத்திணையில், ஆநிரை கவரும் வெட்சியின் துறைகளில் பாதீடு என ஒன்றும் கொடை என ஒன்றும் உள்ளன. கவர்தலோடு செயல் முடிவதில்லை. கவர்ந்ததைப் பகுத்தலும் வேண்டியவர்க்கு வழங்கலும் அதன் பகுதிகள். 'டயாப்லோ 2' ஆட்டத்தில் கூடி ஆடும்போது உதிர்ந்தது அனைவர்க்கும் பொதுவாகத் தரையில் கிடக்கும், முந்தியவர் எடுத்துக்கொள்வர். சண்டை வரும், நட்பும் முறியும். அங்கேயே, புதிதாக வந்த அறியாத ஒருவனுக்குத் தன்னிடம் மிகுந்த கவசத்தைக் கீழே போட்டுவிட்டுப் பெயர் சொல்லாமல் செல்வாரும் இருந்தனர். 'டயாப்லோ 3' இரண்டையும் தீர்த்தது. அவரவர் பங்கு அவரவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். சந்தை மூடப்பட்டபின் உயர்ந்த பொருள்களைப் பிறர்க்குக் கொடுக்கவும் இயலாது, உடன் ஆடியவர்க்குக் குறிப்பிட்ட நேரத்திற்குள் கொடுப்பதைத் தவிர. களவு நின்றது, கொடையும் நின்றது. இது தவிர்க்கவொண்ணாததா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

பெற்றோரும் ஆசிரியரும் அஞ்சுவது பணத்தைப் பற்றி. அவ்வச்சம் பொருளுடையது, ஆனால் எல்லா ஆட்டங்களையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. விலை கொடுத்து ஒருமுறை வாங்கியபின் நேரத்தை மட்டும் கேட்கும் ஆட்டம் ஒன்று. ஒவ்வொரு வாய்ப்பையும் விற்கும் ஆட்டம் வேறு. 2022 ஜூனில் கைப்பேசிக்கென வந்த 'டயாப்லோ இம்மார்ட்டல்' இரண்டாவது வகை. ஆற்றல்மிக்க மணிக்கற்களை அடையும் வாய்ப்பைக் கூட்டும் சின்னங்களை அதில் பணம் கொடுத்து வாங்கலாம். எது உதிரும் என்பது நற்பேறு. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் நற்பேற்றுப் பெட்டிகள் பற்றிய சட்டங்களின் காரணமாக அவ்வாட்டம் வெளியிடப்படவேயில்லை. ஸ்கின்னரின் புறா கொத்தும்போது அதன் பையில் பணமில்லை. மாணவர் ஓர் ஆட்டத்தில் மூழ்கியிருப்பதைக் காணும் ஆசிரியர், எத்தனை மணி நேரம் ஆடுகிறாய் என்று கேட்பதற்கு முன், நேற்று என்ன கிடைத்தது, அது முன்னிருந்ததைவிட ஏன் சிறந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். காரணத்தை விளக்கத் தொடங்கும் மாணவனின் அறிவு இன்னும் விழித்திருக்கிறது. எண்ணை மட்டும் சொல்பவனோடு சற்று நேரம் பேசவேண்டும்.

இவ்வாட்டங்களின் இலக்கணம் எங்கே முழுமை பெற்றது என்று என்னைக் கேட்டால், 2001இல் 'டயாப்லோ 2' ஆட்டத்திற்கு வந்த விரிவுப்பகுதியைக் காட்டுவேன். அதில் 33 எழுத்துக்கற்கள் உள்ளன, ரூன் என்பர். முப்பது முதலெழுத்தும் மூன்று சார்பெழுத்தும் எனத் தொல்காப்பியர் கண்ட தொகையும் 33. இது தற்செயல், எனினும் நினைக்க இனியது. ஒட்டு எதுவுமில்லாத வெறும் கவசத்தில் துளைகள் இருக்குமாயின், அவற்றில் இவ்வெழுத்துகளை உரிய வரிசையில் பதித்தால் அவை கூடி ஒரு சொல்லாகும். கவசம் அச்சொல்லின் பெயரையும் ஆற்றலையும் பெறும். ஜா, இத், பெர் என்னும் மூன்றை அவ்வரிசையில் மூன்று துளையுள்ள மார்புக்கவசத்தில் பதித்தால் 'புதிர்' என்னும் சொல் பிறக்கும். அதனை அணிந்த எவரும், அதுவரை மந்திரக்காரி ஒருத்திக்கே இயன்றவாறு, நினைத்த இடத்திற்கு நொடியில் தாவலாம். வரிசை பிறழ்ந்தால் சொல்லில்லை. அரிய எழுத்துகள் சிக்கிக்கொண்ட கவசம்தான் மிச்சம்.

இதனைக் கண்டபின் ஆட்டக்காரர் நடந்துகொண்ட முறையே மாறிற்று. அதுவரை எவரும் குனிந்து எடுக்காத வெறும் வெள்ளைப் பொருள்களைத் துளை எண்ணித் தேடத் தொடங்கினர். ஒரு பொருளின் மதிப்பு அதனிடம் இருப்பதில் மட்டுமன்றி, அதில் எழுதத்தக்கதிலும் இருந்தது. 'புதிர்' பெற்றவரின் எண் சற்று உயர்ந்தது என்பதைவிட, அவர் நடக்கும் முறையே வேறாயிற்று என்பதுதான் மாற்றம். நம் மொழியில் 'பொருள்' என்பது உடைமையையும் குறிக்கும், சொல்லின் கருத்தையும் குறிக்கும். அவ்விரண்டும் ஓரிடத்தில் கூடியது அங்கேதான். மற்ற பெரும்பாலான உதிர்வுகளில் முன்னது மட்டுமே உண்டு.

அவ்வாட்டம் 2021இல் புதிய ஓவியங்களோடு மீண்டும் வெளியிடப்பட்டபோது, பழைய உதிர்வுமுறையை மாற்றாமல் விட்டனர். மறு ஆண்டில் அதே 33 எழுத்துகளைக் கொண்டு புதிய சொற்கள் சில சேர்க்கப்பட்டன. இருபது ஆண்டுகளாக ஆட்டக்காரரின் பெட்டிகளில் பயனின்றிக் கிடந்த தாழ்ந்த கற்கள் சிலவற்றுக்கு அன்று வேலை கிடைத்தது.